அரப்புத் தேய்த்துக் குளித்த கார்

எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தது என் தம்பியின் கல்யாணத்தை ஒட்டித்தான். அது வராமல் இருந்திருந்தால் நான் பஸ்ஸில் போய் நேரத்துக்கு இறங்கியிருப்பேன். இன்றைக்கும் யாராவது வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, வாளியும் துணியுமாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். என் மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைச் செய்கிறவன். அவன் வாளியை எடுத்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். வெளியே இருந்தால் என் வாய் சும்மா இருக்காது.

எழுபதுகளில் நாங்கள் எருத்தேன்பதிப் பக்கம் இருந்தோம். நிலமும் பஞ்சாயத்தும் கேரளா, பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு. கடலைக்காய்க் காடும் கொஞ்சம் தென்னையும் எங்கள் ஜீவனம். என் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால்கரைக் கிராமம். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சித்திரைப் புழுதியில் மாட்டுவண்டி கட்டி வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி காவி வேட்டியாக மாறியிருந்தது. என் அப்பா வரவேற்கப் போனவர், “வாங்க மாப்ள, பாதிக் காட்டயே கூட்டியாந்துட்டீங்களாட்ட இருக்குது” என்றார். சபை சிரித்தது. அப்பா அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். என் வீட்டுக்காரர் மறக்கவில்லை. மாமனார் வாசலில் புழுதி ஒட்டாமல் ஒருநாள் இறங்கிக் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டார். என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான மறுவாரமே கார் தேட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அந்தக் கல்யாணத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முந்தின நாள், மாப்பிள்ளை வீட்டில் இணைச்சீர் என்று ஒரு சீர் நடக்கும். மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் ஒட்டி நிற்பார்கள். மணப்பெண் கட்டப்போகிற கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில் இருக்கும், மறு தலைப்பு இவள் கையில் இருக்கும். இந்த வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாலும் உடன்பிறந்தவளுக்கு இங்கே உள்ள இடம் போகாது என்று ஊரறியச் சொல்லுகிற சீர் அது. எனக்கு ஒரே தம்பி. அவனுக்கு நான் ஒரே அக்கா. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் காய் நறுக்குவாள், பந்தி பார்ப்பாள், விருந்தாளிக்குப் பாய் போடுவாள். நடுக்கூடத்தில் எல்லாரும் பார்க்க அவளை நிறுத்துவது இந்த ஒரு சீருக்குத்தான். அதுவும் ஆயுசுக்கு ஒரே தடவை. நான் அதற்காக ஆசைப்பட்டேன். மறைப்பானேன், கல்யாணப் பெண்ணைவிட அதிகமாகவே ஆசைப்பட்டேன்.

நாலு நாள் முன்னாலேயே போயிருக்க வேண்டியவள்தான். வைகாசியில் கடலைக்காய்ப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. என் மாமியார் சாணியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எண்ணெய்க்கட்டுப் போட்டிருந்தார். பறிக்க வருகிற ஆட்களுக்குச் சோறு ஆக்க வேறு கை இல்லை. முகூர்த்தம் ஞாயிறு. சீர் சனிக்கிழமை பகலில். ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது, எமகண்டம் ஒன்றரைக்குப் பிறக்கிறது, அதற்கு நடுவில் முடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். காரில் போனால் இரண்டு மணி நேரப் பாதை. ஏழு மணிக்குக் கிளம்பினால் ராகு காலம் முடிவதற்குள் அங்கே போய், தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு ஆற அமர நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கில் காரைக் கழுவுவது என்ற ஒன்று வரவே இல்லை.

கார் வியாழக்கிழமை வந்தது. மூணாறில் ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜர் வைத்திருந்த பழைய கறுப்பு வண்டி. மலையிறங்கி வந்ததில் புழுதி ஏறியிருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டிக்கொண்டு வந்த தோட்டத்து டிரைவர் சாவியோடு மஞ்சளாக, மெத்தென்று ஒரு துண்டையும் கொடுத்தார். “தண்ணிய ஊத்திட்டு இந்தத் தோல வச்சு ஒத்தி எடுங்க அண்ணாச்சி, போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். தோல் என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் அதைப் பாம்பைத் தொட்ட மாதிரி கீழே போட்டார். திருநீறு பூசிச் சாமி கும்பிடப்போகிற வண்டியைச் செத்த மிருகத்தின் தோலால் துடைப்பதா என்று கேட்டார். காலில் கிடக்கிற செருப்பு, காளையின் கழுத்துப்பட்டை, கையில் இருக்கிற சாட்டைவார் எல்லாமே தோல்தானே என்று கேட்டேன். அவருக்குப் பதில் சொல்ல இஷ்டமில்லாத கேள்விகள் காதில் விழாது. தோல் மாட்டுக்கொட்டகை விட்டத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமையாவது கழுவிவிடுங்கள் என்றேன். “இன்னிக்குக் கழுவுனா நாளைக்குள்ள மறுபடியும் புழுதி படிஞ்சிரும் புள்ள. கருக்கல்ல எந்திரிச்சுக் கழுவி, ஈரங் காயறதுக்குள்ள ஏறி உக்காந்து போயறலாம்” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவர் சொல்லுகிற எதுவும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை விடியும்போது காரைக் கட்டுத்தரையில், காளைகளைக் குளிப்பாட்டுகிற கல்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கிணற்றில் சேந்திச் சேந்தித் தொட்டியை நிரப்பினார். நான் உள்ளே இட்லிக்கு ஊற்றிவிட்டுத் தலைக்குக் குளிக்கலாம் என்று அரப்புச் சட்டியைத் தேடினேன். அரப்பு எங்கள் பக்கம் தலைக்குத் தேய்க்கிற பச்சை இலைப்பொடி. முந்தின நாள்தான் இடித்துச் சலித்து வைத்திருந்தேன். சட்டியைக் காணோம். வெளியே வந்து பார்த்தால் கார் தலையிலிருந்து கால்வரை பச்சையாக நிற்கிறது.

“என்னங்க இது, அது எனக்கு வெச்சிருந்ததுங்க!”

“சோப்பு காரம் புள்ள. பெயிண்டத் தின்னு போடும். அரப்புன்னாக் குளிர்ச்சி.”

“இரும்புக்கு என்னங்க குளிர்ச்சி வேண்டிக் கெடக்குது?”

“உனக்கு அங்க உங்கம்மா அரைச்சு வெச்சிருப்பாங்க, போ.”

தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். திரும்பும்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். வைக்கோலைப் பிரியாகச் சுருட்டிப் பிடித்திருந்தார். காளையைத் தேய்க்கிற அதே பிடி, அதே தேய்ப்பு. முதுகில் ஆரம்பித்து விலாவுக்கு வந்து, வயிற்றுக்குக் கீழே குனிந்து, மறுபடி முதுகு. அழுத்தித் தேய்க்காவிட்டால் அவருக்குக் குளிப்பாட்டின திருப்தி இருக்காது. பின்பக்கமாகச் சுற்றிப் போனபோது, உதைத்துவிடக் கூடாது என்பதுபோல அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பம்பருக்குப் புளி போட்டார். அவருக்குக் காரைப் பற்றித் தெரியாது, ஆனால் ஒன்றைக் குளிப்பாட்டுவது எப்படி என்று நன்றாகத் தெரியும். அந்தக் கைப்பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது.

வெளியே முடிந்ததும் நான்கு கதவையும் திறந்துவைத்து உள்ளே வாளி வாளியாக வீசினார். வெள்ளிக்கிழமை வீடு கழுவிவிடுகிற மாதிரி ஒருபக்கம் ஊற்றினால் மறுபக்கம் ஓடிவிடும் என்று நினைத்திருக்கிறார். காருக்கு வாசற்படி உண்டு, மடை கிடையாது. தண்ணீர் உள்ளேயே குளமாக நின்றது. இட்லி ஆச்சா என்று கேட்க வந்த மனிதர், “சித்தெ ஒரு சாக்கெடுத்துட்டு வா புள்ள” என்றார். ஊருக்குப் போகக் கட்டியிருந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காருக்குள் மண்டியிட்டு, கடலைக்காய்ச் சாக்கால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தேன். சீட்டெல்லாம் சொதசொதவென்று ஊறிப்போயிருந்தது. அந்த நேரத்தில் ஏழு அடித்திருக்கும். எனக்கு அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

நான் உள்ளே பிழிந்துகொண்டிருக்கும்போது அவர் முன்னால் போய் பானட்டைத் தூக்கினார். “ஏனுங்க, அங்கயும் ஊத்தீராதீங்க” என்று கத்தினேன். “மூஞ்சி கழுவறவன் வாயக் கொப்புளிக்காம உட்டா ஆகுமா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு வாளியைக் கவிழ்த்தார். அதோடு கார் வாயை மூடிக்கொண்டது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை.

பொள்ளாச்சி போகிற பஸ் எங்கள் ஊர் முக்கில் நின்று போகும். அதில் போய்விடலாம் என்றேன்.

“கார வாசல்ல வெச்சுட்டுப் பஸ்ஸுல போறதா? உங்கப்பா என்ன நெனைப்பாரு?”

“அப்ப நான் முன்னால போறனுங்க. நீங்க கார எடுத்துட்டு மெதுவா வாங்க.”

இதற்கு மாமியார் உள்ளேயிருந்து வந்தார். “தம்பி கல்யாணத்துக்குப் புருஷன் இல்லாம ஒண்டியாப் போய் எறங்குனா ஒறம்பரைச் சனமெல்லாம் என்ன ஏதுன்னு கேப்பாங்க அம்மிணி. நல்ல காரியத்துல எதுக்கு அந்தப் பேச்சு?” என்றார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. கேட்கத்தான் கேட்பார்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவதை நின்று கேட்டேன்.

கடலைக்காய் பறிக்க வந்த பெண்கள் காரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெயில் ஏறி, ஈரம் கொஞ்சம் வற்றின பிறகு, அவர்களையே தள்ளச் சொன்னார். சிரிப்பும் கூச்சலுமாகக் கட்டுத்தரையைச் சுற்றித் தள்ளினார்கள். திடீரென்று புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வந்தது. ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்தேன். மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாசலில் கையை நீட்டி மறித்தார். ஒன்பது தாண்டியிருந்தது. ராகு காலம் பிறந்துவிட்டது. புது வண்டியின் முதல் பயணம், கல்யாணத்துக்குப் போகிற பயணம். ஒன்பதுக்கு முன்னால் வண்டி கிளம்பவில்லை. ஒன்பதுக்குப் பின்னால் நாங்கள் கிளம்பக்கூடாது.

அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்று அவருக்குப் பயம். அதனால் இன்ஜினை ஓடவிட்டே வைத்தார். ராகு காலம் முழுவதும் அந்தக் கார் எங்கள் வாசலில் நின்ற இடத்தில் நின்றுகொண்டு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு எரிச்சலை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

வெயில் நன்றாக விழுந்தபோது கார் காய்ந்தது. காய்ந்ததும் அதன் லட்சணம் தெரிந்தது. கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம், நம்பர் பலகை எல்லாவற்றிலும் அரப்பு பச்சைப் பச்சையாக இறுகிக் கிடந்தது. அதைவிட மோசம், கறுப்புப் பெயிண்ட் முழுக்க வைக்கோல் தேய்த்த கோடு. வட்டம் வட்டமாக, அவர் கை போன வழியெல்லாம். அவர் கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார். போகவில்லை. மறுபடி தேய்த்தார். அவர் முகம் விழுந்துபோனதைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் விறுவிறுவென்று உள்ளே போய் விளக்கெண்ணெய்ப் போசியோடு வந்தார்.

“கொம்புல கீறல் உளுந்தா இதத்தான போடறம்” என்றார்.

போட்டார். மேலே, பக்கவாட்டில், பம்பரில், ஒரு இடம் விடாமல் பழைய வேட்டித்துணியில் நனைத்து நனைத்துப் பூசினார். கடைசியில் அதே துணியால் முன்கண்ணாடியையும் துடைத்தார். இல்லாததைச் சொல்லக்கூடாது, கார் மின்னியது. ஒரு கீறல் தெரியவில்லை. பறிக்கிற பெண்கள் அதில் குனிந்து முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். அவர் தூரப் போய் நின்று பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்தரைக்குத் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். சீட் ஈரம் என்பதால் நான் மடித்த சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வரும்வரை மண்பாதை. மழை இன்னும் எட்டிப் பார்க்காத வைகாசி, மண் மாவாகக் கிடந்தது. முதலமடையிலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பின புழுதி எங்கள்மேல் வந்து விழுந்தது. மற்ற வண்டியாக இருந்தால் விழுந்து, காற்றில் போயிருக்கும். எங்கள் வண்டியில் விளக்கெண்ணெய். விழுந்தது விழுந்த இடத்தில் குடியிருந்துகொண்டது. பின்னால் இன்னொரு லாரி வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. மாங்காய்க் காலம் என்பது அவருக்கும் எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முன்கண்ணாடியில் வைப்பரைப் போட்டார். எண்ணெயும் புழுதியும் குழைந்து சந்தனம் அரைத்த மாதிரி ஒரு பூச்சாகப் பரவியது. ரோடு போன இடம் தெரியவில்லை. அவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். கொஞ்ச தூரம் போவதும், நிறுத்துவதும், நான் இறங்கித் துண்டால் வழிப்பதும், மறுபடி போவதுமாக எல்லைக்கு வந்து சேர்ந்தோம். செக்போஸ்டில் நின்ற மலையாளத்து ஆள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “இதெந்தா சேட்டா, மண்ணு கொண்டு உண்டாக்கிய வண்டியோ?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நான் இறங்கிக் கண்ணாடியை இன்னொரு தடவை வழித்தேன். பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவேன் என்று எனக்கே தெரியாது.

பொள்ளாச்சிக்குப் பிறகு தார் ரோடு. நன்றாகத்தான் ஓட்டினார். பன்னிரண்டே முக்கால் ஆகியிருக்கும், எங்கள் ஊர் வாய்க்கால் பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. பாலத்தைத் தாண்டி ஒரு தோப்பு, தோப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. இன்னும் நேரம் இருக்கிறது. தலைக்குக் குளிக்க முடியாது, முகம் கழுவிக்கொண்டு நின்றுவிடலாம். இப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கார் பாலத்தடியில் ஒதுங்கி நின்றது. அவர் இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே வாளி இருந்தது.

“பத்து நிமிசம் புள்ள.”

“ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? அங்க மோளங் கேக்குதுங்க!”

கேட்டது. தோப்பைத் தாண்டி மேளமும் நாதஸ்வரமும் நன்றாகவே கேட்டன.

“இந்தக் கோலத்துல உங்க ஊட்டு வாசல்ல எறங்கச் சொல்றியா? அன்னிக்கு வண்டியக் கட்டிட்டு வந்ததே தேவலைன்னு ஆயிரும்.” பிறகு சமாதானமாகச் சொன்னார்: “எதுக்குப் பதர்ற? அக்கா இல்லாம இணைச்சீரு எப்படிப் புள்ள நடக்கும்? உனக்காகக் காத்துட்டுத்தான் இருப்பாங்க.”

அவர் அதை மனசார நம்பினார். அதுதான் எனக்கு ஆறவில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் இறங்கி, வாய்க்கால்மேட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பின்னால் வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

வீட்டு வாசலில் பந்தல் நிறைய ஆட்கள். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். கூடத்துக்குள் போனேன். என் தம்பி தலையில் உருமால் கட்டி, மாலை போட்டு நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் என் பெரியப்பா மகள் நின்றிருந்தாள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், ஒரு தலைப்பு அவள் கையில். சீர் செய்கிற பெரியவர் அரிசியைத் தொட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் வந்து, “இப்ப வருவ, அப்ப வருவேன்னு பாத்துட்டே இருந்தோமே சாமி. எமகண்டம் பொறந்துருமேன்னு பெரியவங்கெல்லாம்...” என்று காதில் சொன்னாள். நான் முன்னால் ஓர் அடி எடுத்துவைத்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நிறுத்துன எணைய மாத்தப்படாது அம்மிணி” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்.

என் தம்பி அப்போதுதான் என்னைப் பார்த்தான். அவன் தலை திரும்பியது. பெரியவர் அவன் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினார். அவன் கண் மட்டும் என் பக்கமே இருந்தது. அழக் கூடாது, கல்யாண வீட்டில் உடன்பிறந்தவள் அழுதால் நல்லதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு ஒருத்தியாகச் சுவரோரம் நின்று கடைசிவரை பார்த்தேன். கூறையைப் பிடித்திருந்த கை என் கை இல்லை. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவள் நன்றாகத்தான் நின்றாள்.

சீர் முடிந்து கூட்டம் கலைந்தது. வெயிலில் வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி யாரோ என் கையில் மோர்க்குடத்தைக் கொடுத்தார்கள். அதுவும் நல்லதற்குத்தான். வேலை இருந்தால் நிற்கலாம். ஊற்றிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது.

கார் வந்தது. பாதி அழுக்குப் போய், பாதி வழிந்து, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். அப்பா சம்பந்தி வீட்டு ஆட்களை விட்டுவிட்டுப் பந்தலுக்கு வெளியே ஓடினார். காரைச் சுற்றி வந்தார். தோள்துண்டை எடுத்து ஓர் இடத்தில் துடைத்தார். அங்கே கறுப்பு மின்னியது. “நம்ம மாப்ள காருங்க!” என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். “மூணாத்துல தொரைமாருக ஏறுன வண்டியாமுங்க! நம்ம மாப்ளயே ஓட்டியாந்துட்டாருங்க!” ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் நனைந்த வேட்டியோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியொரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் அதிகம் பார்த்ததில்லை. மூன்று வருஷமாகக் காத்திருந்தது அவருக்குக் கிடைத்துவிட்டது. கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் குழந்தைபோல் சிரித்தார்.

பிறகு அப்பாவிடமிருந்து ஒருவழியாக விடுபட்டு என்னிடம் வந்தார். நான் ஒரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

“சீரு எந்நேரம் புள்ள?” என்றார்.

“ஆச்சுங்க.”

வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை இறக்கினார். “ஆயிருச்சா? அட கெரகமே! நீ கூறையப் புடிச்சுட்டு நிக்கறதக் கண்ணுல பாக்கோணும்னு எத்தன ஆசையா இருந்தேன்! நான் பாக்கவே இல்லியே புள்ள.”

“நானும் பாத்துட்டுத்தானுங்க நின்னேன்” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மோர் அவர் கையில் அப்படியே இருந்தது. எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் அடுத்த டம்ளரை எடுத்தேன்.